51 வயதில் ஸ்மார்ட் போர்டு பழகலாமா? கணக்கு டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 51. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் எடுக்கிறேன். சாக்பீஸ், அளவுகோல், காம்பஸ் இருந்தால் எந்தப் பாடத்தையும் நடத்திவிடுவேன். இப்போது வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்கள். பயிற்சிக்குப் போனேன். மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார்கள், நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. போன மாதம் இருபடிச் சமன்பாட்டுக்கு ஒரு வீடியோ போட்டேன். பாதியில் நின்றுவிட்டது. எதைத் தொட்டும் ஓடவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் "டீச்சர், நான் பாக்கட்டுமா?" என்று எழுந்து வந்து சரிசெய்தான். அன்றிலிருந்து அந்தப் போர்டு பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. தலைமை ஆசிரியரோ பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். ஓய்வுக்கு இன்னும் 9 வருடம் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தேவையா? இதனால் பத்தாம் வகுப்பில் மார்க் கூடுமா? வீட்டில் பழக ஒரு டேப்லெட் வாங்கச் சொல்கிறாள் மகள். வாங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் வலிக்கிற இடம் அதுதான். திரை பாதியில் நின்றால் எந்த வகுப்பும் சிரிக்கத்தான் செய்யும். அதை உங்கள் மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கணக்குப் பீரியடில் தானாக எழுந்து முன்னால் வந்தது இதற்கு முன் எப்போது? ஆசிரியர் பயிற்சியில் கணிதம் எடுக்கிறவன் என்ற முறையில் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கணக்கென்றால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைக்கு முதலில் கை தூக்குகிறார்கள். அவனைப் பொறுப்பாளராகப் போடுங்கள். லேப்டாப்பை இணைப்பது, சத்தம் வைப்பது, நின்றால் மறுபடி ஓடவிடுவது எல்லாம் அவன் வேலை. கணக்குச் சொல்வது உங்கள் வேலை. இதில் உங்கள் மரியாதை ஒரு துளியும் குறையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பொறுப்பை வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டே இருங்கள், பெண் பிள்ளைகளையும் கட்டாயம் சேருங்கள். கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளில் மவுஸ் எப்போதும் நாலைந்து பையன்கள் கையிலேயே இருக்கும், மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஆசிரியர் தலையிடாவிட்டால் வருடம் முழுக்க அப்படியேதான் ஓடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேவையா என்றால், தேவைதான். ஆனால் பயிற்சியில் காட்டிய எல்லாவற்றையும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம். பயிற்சி நோட்டை மூடி வைத்துவிடுங்கள். இந்த ஆண்டுக்கு உங்களுக்கு வேண்டியது கணக்குப் படங்களை வரைந்து அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளும் எக்செல் போன்ற ஒரு விரிதாளும் மட்டும்தான். அவற்றையும் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கரும்பலகையில் உங்களால் காட்டவே முடியாத விஷயம் எந்தப் பாடத்தில் வருகிறதோ, அந்தப் பாடத்துக்கு வேண்டிய அளவு தெரிந்தால் போதும். காரணிப்படுத்தவோ தேற்றத்தை நிறுவவோ சாக்பீஸே நல்லது. நீங்கள் ஒவ்வொரு வரியாக எழுத எழுத, பிள்ளையின் கையும் உங்கள் வேகத்தில் கூடவே வருகிறது. அந்த இடத்தில் திரையைக் கொண்டுவந்தால் நஷ்டம்தான்.

கரும்பலகையால் முடியாதது ஒன்று உண்டு. வரைந்த படத்தை அதனால் அசைக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பு வடிவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டு மையம், அதாவது முக்கோணத்தின் முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்குப் போடும் குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி, வரையச் சொல்கிறோம். பிள்ளைகளும் வரைகிறார்கள். ஆனால் எல்லோர் நோட்டிலும் குறுங்கோண முக்கோணம்தான், மையம் உள்ளேதான். விரிகோணம் கொடுத்தால் மையம் வெளியே போகும் என்று சொல்கிறோம், அவர்களும் எழுதி மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். கண்ணால் பார்த்ததே இல்லை. ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் போடுங்கள். செங்குத்துக்கோடு கருவியை எடுத்து ஒரு முனையைத் தொட்டு எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் குத்துக்கோடு வந்துவிடும். இன்னொரு முனையிலிருந்தும் அதேபோல் போட்டு, இரண்டும் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். வேலை அவ்வளவுதான். இப்போது முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். உள்ளே இருந்த புள்ளி நகர்ந்து நகர்ந்து வருகிறது. கோணம் சரியாக 90 டிகிரி ஆகும்போது செங்கோண முனையிலேயே போய் உட்காருகிறது. அதற்கும் மேல் இழுத்தால் வெளியே போய்விடுகிறது. "எங்கே போச்சு டீச்சர்?" என்று வகுப்பே கேட்கும். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகு நீங்கள் சாக்பீஸை எடுத்துக் காரணம் சொல்லுங்கள். நேரம் இருந்தால் சுற்றுவட்ட மையத்தையும் நடுக்கோட்டு மையத்தையும் அதே படத்தில் சேருங்கள். சமபக்க முக்கோணமாக இல்லாதவரை, எப்படி இழுத்தாலும் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஆய்லர் கோடு என்று அதற்குப் பெயர். பரீட்சைக்கு வராது, இருந்தாலும் காட்டுங்கள். கணக்கின் மேல் ஆசை வர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஜியோஜீப்ரா ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-ல் தொடங்கியது. பள்ளிப் பாடத்துக்கு இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நம் ஊரில் இது பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாடத்தின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி வருமே, நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிற பக்கம், அங்கே இருப்பவை பெரும்பாலும் ஜியோஜீப்ரா பயிற்சிகள்தான்.

இனி நீங்கள் தடுமாறிய இருபடிச் சமன்பாடு. வீடியோவே வேண்டாம். ஜியோஜீப்ராவில் எக்ஸ் வர்க்கம் + 2 எக்ஸ் + சி என்று, மாறிலி உறுப்பை மட்டும் எழுத்தாக வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். சி-க்கு, இழுத்தால் மதிப்பு மாறுகிற ஒரு நழுவுகோல் வரும், சில பதிப்புகளில் உருவாக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். சி-ஐ −3-ல் வைத்தால் பரவளையம் எக்ஸ் அச்சை −3-லும் 1-லும் வெட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். உடனே நகர்த்திவிடாதீர்கள். "சி-ஐ ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்? எல்லாரும் ரஃப் நோட்டுல வரைஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். சிலர் படம் அகலும் என்பார்கள், சிலர் வலப்பக்கம் நகரும் என்பார்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு நகர்த்துங்கள். படம் மேலே ஏறுகிறது, வெட்டும் புள்ளிகள் இரண்டும் நெருங்குகின்றன, சி 1 ஆகும்போது −1-ல் ஒன்றாகிவிடுகின்றன, 2-க்குப் போனால் அச்சைத் தொடவே இல்லை. இப்போது பலகைக்குப் போய், மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைக்காட்டியை (பி வர்க்கம் − 4ஏசி) கணக்கிடுங்கள். சி −3 ஆனால் 16, 1 ஆனால் 0, 2 ஆனால் −4. மெய், சமமற்ற மூலங்கள் என்றும், சம மூலங்கள் என்றும், மெய் மூலங்கள் இல்லை என்றும் வருடா வருடம் எழுதிப் போடுகிறோமே, அந்த மூன்று வரியும் அவர்கள் கண்ணெதிரே நடந்துவிட்டது.

முன்கூட்டிச் சொல்லச் சொல்லும் அந்த இரண்டு நிமிஷத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தப்பாக வரைந்த பிள்ளைதான் திரையைக் கண் கொட்டாமல் பார்க்கும்.

விரிதாளுக்கு நம் டெல்டாவை விட்டால் வேறு எங்கே போவது? தினமும் செய்தித்தாளில் மேட்டூர் அணை நிலவரம் வருகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து இவ்வளவு, திறப்பு வினாடிக்கு இவ்வளவு கன அடி. உங்கள் பிள்ளைகள் வீட்டில், வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12-ஆம் தேதியை எதிர்பார்த்துக் காத்திருக்கிற அப்பாக்கள் இருப்பார்கள். இந்த எண்களைக் காதால் கேட்டே வளர்ந்த பிள்ளைகள், கணக்குப் பீரியடில் மட்டும் அவற்றைப் பார்த்ததில்லை.

ஒரு நாள் வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: "மேட்டூர்ல முழு நீர்மட்டம் 120 அடி. 60 அடி தண்ணி இருந்தா அணையில பாதி இருக்குன்னு சொல்லலாமா?" முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்பார்கள். 120 அடியில் இருப்பது 93.47 டிஎம்சி. 60 அடியில் ஏறத்தாழ 25 டிஎம்சிதான், கால் பங்கு பக்கம். 100 அடிக்கே 65 டிஎம்சி அளவில்தான் இருக்கும். அப்படியானால் மேலே இருக்கிற 20 அடிக்குள் எவ்வளவு தண்ணீர் பாருங்கள்! பழைய செய்தித்தாள்களிலிருந்து வெவ்வேறு நீர்மட்டங்களையும் அவற்றுக்கான இருப்பையும் பிள்ளைகளே திரட்டி விரிதாளில் இரண்டு வரிசையாக இடட்டும். வரைபடம் போடச் சொன்னால் நேர்கோடாக வராமல் மேலே போகப் போக நிமிர்ந்து கொள்ளும். ஏன் என்று கேளுங்கள். குளத்தில் குளித்து வளர்ந்த பிள்ளை யாராவது ஒருவர், கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கும் என்று சொல்லிவிடும். சார்பு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் புத்தகத்தில் கிடையாது.

அதிலிருந்தே பத்தாம் வகுப்பின் எதிர் மாறுபாட்டு வரைபடத்துக்கும் போய்விடலாம். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அணை நிரம்பி இருக்கிறது, வரத்தே இல்லை, ஆவியாவதையும் விட்டுவிடுகிறோம், கடைசிச் சொட்டு வரை திறக்கலாம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால் எத்தனை நாள் வரும்? விரிதாளில் சூத்திரம் போட்டால் ஏறத்தாழ 90 நாள் என்று வரும். 18,000 என்று மாற்றினால் 60 நாள். 24,000-க்கு 45 நாள். 6,000-க்கு 180 நாள். திறப்பையும் நாளையும் பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ ஒரே எண். மாறுபாட்டு மாறிலி என்று நாம் எழுதிப் போடுவது அதைத்தான். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றியதும் பக்கத்துக் கட்டத்தில் விடை மாறுவதைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செய்து பார்க்கட்டும். பிறகு அதே நான்கு புள்ளிகளை வரைபடத்தாளில் பென்சிலால் குறித்து வளைவரை வரையச் சொல்லுங்கள். குறுவைக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும், சம்பாவுக்கு எத்தனை நாள் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேசட்டும், நிறுத்தாதீர்கள்.

மார்க் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். மெல்லக் கற்கும் பிள்ளைகள் தேர்ச்சி பெறுவதில் இந்த 16-க்குப் பெரிய பங்கு உண்டு என்று நீங்களே அறிவீர்கள். அது திரையைப் பார்த்து வராது. அளவுத்திட்டம் எழுதி, அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, கையால் திரும்பத் திரும்ப வரைந்துதான் வரும். அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள். ஆனால் ஜியோஜீப்ரா இரண்டு தப்புகளைத் திருத்தும். ஒன்று, பிள்ளைகள் பரவளையத்தின் முனையை அளவுகோல் வைத்துக் கூராக இணைப்பது. வழவழப்பான வளைவைச் சில முறை திரையில் பார்த்த பிள்ளைக்குத் தன் படம் சரியில்லை என்று தானாகவே தெரியும். இரண்டாவது, −3-ன் வர்க்கத்தை −9 என்று எழுதி, புள்ளி எங்கோ கீழே போய் விழுவது. வரைந்து முடித்த பிறகு திரையில் விடையைக் காட்டி ஒப்பிடச் சொன்னால், எந்தப் புள்ளி தப்பு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். 40 நோட்டை நீங்கள் திருத்துகிற வேலையும் கொஞ்சம் குறையும்.

வீடியோ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வித் தொலைக்காட்சியிலும், பள்ளிக் கல்வித்துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் நல்ல பாடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் இணையத்தை நம்பாதீர்கள். பீரியட் முழுக்க ஓடவிடவும் வேண்டாம். மூன்று நிமிஷம் ஓட்டி நிறுத்திக் கேள்வி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலைக்குப் போய்த் திரும்பும் வரை அவர் பையிலேயே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினாத்தாள் கேட்கலாமா என்று இப்போது எல்லா ஆசிரியர்களும் கேட்கிறார்கள். ஒரு கணக்கைப் போலவே பத்துக் கணக்கு உருவாக்க அவை உதவும். ஆனால் விடையில் தப்பு வரும், சில நேரம் விடையே இல்லாத கணக்கைத் தரும். நீங்கள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.

எப்படிப் பழகுவது? மாலையில் பள்ளி விட்டதும் ஒரு அரை மணி நேரம் அந்தப் போர்டு முன்னால் தனியாக நில்லுங்கள். யாரும் பார்க்காதபோது பத்து முறை தப்பாகத் தொட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் மாதம் செங்கோட்டு மையம் ஒன்றை மட்டும் பழகுங்கள், கை தானாகப் போகும் வரை. பக்கத்துப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் யாரையாவது கூட்டுச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கிறபோது, நீங்கள் செய்த கோப்பை அவரும் அவர் செய்ததை நீங்களும் பென்டிரைவில் மாற்றிக்கொள்ளலாம். தலைமை ஆசிரியரிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள்: இந்தப் பருவத்தில் இந்த மூன்று பாடத்துக்குப் போர்டு, மற்றவற்றுக்குப் பலகை என்று. எந்தப் பாடத்துக்கு ஏன் என்று காரணத்தோடு சொன்னால் தினமும் கேட்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகிற நாட்களை மனதில் வைத்துப் பாடத்தைத் திட்டமிடுங்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக வரச்சொல்லி அதிலேயே காட்டலாம். அதுவும் இல்லையென்றால் பாடத்தை அப்படியே பலகையில் தொடருங்கள். அதற்கான தயாரிப்பு எப்போதும் உங்கள் கையில் இருக்கிறது.

டேப்லெட் இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே ஜியோஜீப்ரா செயலி ஓடும், பழக அது போதும். மகள் வீட்டுக்கு வரும்போது அதை இறக்கித் தரச் சொல்லுங்கள், மொழி அமைப்பில் தமிழ் இருக்கும், அதையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். முக்கோணம் வரைந்து இழுக்கிற வரை அவள் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். இந்தக் கல்வியாண்டு முடிகிறபோதும் டேப்லெட் இல்லாமல் முடியாது என்று உங்களுக்கே தோன்றினால், அப்போது எழுதுங்கள், எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.